தோற்ற ஆட்டமும் நடுவரின் தவறும்: ரக்பி லீக் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரக்பி லீகில் நம் அணி இரண்டு புள்ளியில் தோற்றால், அந்த வாரம் முழுக்கப் பேச்சு நடுவரைப் பற்றித்தான் இருக்கும். அந்தக் கோபம் பல சமயம் நியாயமானது. ஆனால் எல்லாத் தவறையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வருவதால், உண்மையான குறைகூட எடுபடாமல் போய்விடுகிறது. எந்தத் தவறைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துப் பார்க்க உதவத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்குச் சுருக்கமாக: அணிக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள், அதாவது எதிரணி பிடித்து நிறுத்துவது ஆறு முறை. ஆறாவது டேக்கிளில் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் பெரும்பாலும் ஐந்து முடிந்ததும் பந்தை உதைத்துவிடுவார்கள். எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போட்டால் 4 புள்ளி, அதற்குப் பிறகான உதை உள்ளே போனால் 2, பெனால்டி உதைக்கும் 2.

எதையெல்லாம் நடுவரின் தவறு என்று சொல்லலாம்?

முதலில், எண்ணிப் பார்த்தாலே தெரியும் தவறு. 2013 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்லின் நாக்-அவுட் ஆட்டம் ஒன்றில் கிரோனல்லா ஷார்க்ஸ் அணியின் பியூ ரயன் ஒரு ட்ரை போட்டார். அது ஏழாவது டேக்கிளில் போட்ட ட்ரை. ஆறுதான் அனுமதி. அந்த ஆட்டத்தில் நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸ் 20–18 என்று தோற்று, தொடரை விட்டே வெளியேறியது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. தவறு என்றால் தவறுதான்.

இரண்டாவது, மதிப்பிட்டுச் சொல்லும் தீர்ப்புகள். டேக்கிள் செய்தவர் கீழே கிடப்பவர் மேல் எவ்வளவு நேரம் படுத்திருந்தார், தடுக்கும் அணி பத்து மீட்டர் பின்னால் போய் நின்றதா, பந்து இல்லாமல், எதிரணியை ஏமாற்ற ஓடிய வீரர் உண்மையிலேயே தடுப்பாளரின் வழியை மறித்தாரா என்பதெல்லாம் இந்த வகை. ஒரே காட்சியைப் பார்க்கும் இரண்டு நல்ல நடுவர்களே வேறுவேறு முடிவு சொல்வார்கள். இந்த வகைத் தீர்ப்பை "அப்பட்டமான தவறு" என்று கத்தினால் எதிரணி ரசிகர் கேட்கவே மாட்டார்.

மூன்றாவது வகையை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. இறுதித் தீர்ப்பு சரியாகவே இருக்கும், ஆனால் அது வந்த விதம் ஒரு அணியைக் கவிழ்த்திருக்கும். என் பார்வையில் இதுதான் அதிகம் வலிக்கும் வகை. அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

2019 என்ஆர்எல் இறுதி ஆட்டத்தில் கான்பெரா ரெய்டர்ஸ் ஏமாற்றப்பட்டதா இல்லையா?

இத்தனை ஆண்டு கழித்தும் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. 2019 அக்டோபர் 6, சிட்னி. ஆட்டம் முடியச் சுமார் எட்டு நிமிடம் இருக்கும்போது சிட்னி ரூஸ்டர்ஸும் ரெய்டர்ஸும் 8–8 என்று சமநிலையில் இருந்தார்கள். ரெய்டர்ஸ் எதிரணிக் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை உயர உதைத்தது. பந்து வீரர்கள் கூட்டத்தில் பட்டு மறுபடி ரெய்டர்ஸ் கைக்கே வந்தது. நடுவர் பென் கம்மின்ஸ் கையை உயர்த்திச் சுழற்றினார். அதாவது எதிரணி பந்தைத் தொட்டுவிட்டது, டேக்கிள் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து, இன்னும் ஆறு வாய்ப்பு என்று அர்த்தம். ஆங்கில வர்ணனையில் வரும் "சிக்ஸ் அகெய்ன்" இதுதான்.

ரெய்டர்ஸ் வீரர் ஜேக் வைட்டன் அதை நம்பினார். இன்னும் ஆறு டேக்கிள் இருக்கிறதே, அவசரமாக உதைக்கத் தேவையில்லை என்று பந்தோடு மோதி டேக்கிளை வாங்கிக்கொண்டார். அதற்குள் மற்ற ஆட்ட அதிகாரிகள் ரேடியோவில் திருத்தம் சொல்லிவிட்டார்கள், நடுவரும் கடைசி டேக்கிள் என்று மாற்றி அறிவித்துவிட்டார். பந்து ரூஸ்டர்ஸுக்குப் போனது. சற்று நேரத்தில் ஜேம்ஸ் டெடெஸ்கோ ட்ரை போட, ஆட்டம் 14–8 என்று முடிந்தது. தோற்ற அணியில் இருந்தும் வைட்டனுக்கே சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் கிடைத்தது.

இப்போது தீர்ப்பைப் பார்ப்போம். கடைசியாகப் பந்து பட்டது ரெய்டர்ஸ் வீரர் மேல்தான், எனவே கடைசி டேக்கிள் என்பதே சரி என்று என்ஆர்எல் விளக்கம் கொடுத்தது. மறுபடி மறுபடி பார்த்தாலும் அது சரிதான். ரூஸ்டர்ஸ் ரசிகர்கள் இதைச் சொல்லி வாதத்தை முடித்துவிடப் பார்க்கிறார்கள். ஆனால் ரெய்டர்ஸின் குறை அதுவல்லவே. களத்தில் இருக்கும் வீரர் விதிப்புத்தகத்தைப் பார்த்து ஆடுவதில்லை, நடுவரின் கையைப் பார்த்து ஆடுகிறார். கடைசி டேக்கிள் என்று தெரிந்திருந்தால் வைட்டன் உதைத்திருப்பார், அல்லது வேறு ஏதாவது முயன்றிருப்பார். அந்த வாய்ப்பைத் தவறான சைகை பறித்துவிட்டது. தீர்ப்பு சரி, ரெய்டர்ஸ் ரசிகர்களின் குறையும் சரி. இரண்டையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டால்தான் அந்த ஆட்டத்தைப் பற்றி உருப்படியாகப் பேச முடியும்.

அதே ஆட்டத்தில் பந்து ரூஸ்டர்ஸ் பயிற்சி உதவியாளர் மேல் பட்டதே, அதுவும் நடுவர் தவறா?

இல்லை. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் ரூஸ்டர்ஸ் உதைத்த பந்தை ரெய்டர்ஸ் மறித்துத் தடுத்தது. தெறித்த பந்து களத்தில் நின்ற ரூஸ்டர்ஸ் உதவியாளர் மேல் பட்டது. அது படாமல் இருந்திருந்தால் ரெய்டர்ஸுக்கு அருமையான வாய்ப்பு. ஆனால் ஆட்டத்தை மறுபடி தொடங்கிய ஸ்க்ரமில் பந்து ரூஸ்டர்ஸுக்கே போனது. அன்றைக்கு இருந்த விதிப்படி நடுவர் நடந்துகொண்டார். குறை விதியில் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் நடுவரைத் திட்டுவது வீண். விதி எழுதியவர்களை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி அது.

வீடியோ நடுவர் இருக்கிறாரே, பிறகு ஏன் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லக் கூடாது?

கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஆட்டம் தானாக நிற்கும், மேல்முறையீடு செய்ய நேரம் இருக்கும். ரக்பி லீகில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. டேக்கிள் விழுந்து பந்து மறுபடி ஆட்டத்துக்கு வருவது ஒரு ஆட்டத்தில் இருநூறு முறையைத் தாண்டும். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சிறு மீறலைக் கண்டுபிடிக்க முடியும். எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தால் ஆட்டமே மிஞ்சாது.

அதனால்தான் வீடியோவுக்கு எல்லை போட்டிருக்கிறார்கள். ட்ரை, ஆபத்தான ஆட்டம், கேப்டன் கேட்கும் மறுபரிசீலனை ஆகியவைதான் முக்கியமாக அங்கே போகும். என்ஆர்எல் 2016-இல் சிட்னியில் "பங்கர்" என்ற மையத்தை அமைத்து, எல்லா ஆட்டங்களின் வீடியோ தீர்ப்பையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. தீர்ப்புகளில் ஒரு சீர்மை வரும் என்பது நோக்கம். ஓரளவு வந்திருக்கிறது, முழுமையாக வரவில்லை.

ட்ரை விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2013-க்கு முன்பு என்ஆர்எல்லில் சந்தேகம் வந்தால் அதன் பலன் தாக்கும் அணிக்குப் போனது. அதன் பிறகு, களத்தில் உள்ள நடுவர் முதலில் "ட்ரை" அல்லது "ட்ரை இல்லை" என்று தன் கருத்தைச் சொல்லிவிட்டுத்தான் வீடியோ நடுவருக்கு அனுப்ப வேண்டும். அதை மாற்ற வீடியோவில் போதுமான ஆதாரம் வேண்டும். இதனால்தான் ஒரே மாதிரி தெரியும் இரண்டு காட்சிகளில் ஒன்று ட்ரை ஆகிறது, மற்றது ஆகாமல் போகிறது. பார்க்கக் கோபம் வரும், ஆனால் முரண்பாடு இல்லை. தொடங்கிய இடம் வேறு.

2017 உலகக் கோப்பையில் டோங்காவுக்கு என்ன நடந்தது? ஏன் வீடியோ பார்க்கவில்லை?

2017 நவம்பர் 25, ஆக்லாந்து, அரையிறுதி. இங்கிலாந்து 20–0 என்று முன்னால் இருந்தது. கடைசி ஏழெட்டு நிமிடத்தில் டோங்கா மூன்று ட்ரை போட்டு, மூன்று உதையையும் உள்ளே அனுப்பி 20–18 ஆக்கியது. மைதானம் முழுக்க டோங்காவின் சிவப்பு. நான் பார்த்த ரக்பி லீக் ஆட்டங்களில் அந்தக் கடைசி நிமிடங்களுக்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன். இறுதி நொடிகளில் டோங்காவின் ஆண்ட்ரூ ஃபிஃபிட்டா கோட்டை நோக்கிப் பாய்ந்தார். பின்னாலிருந்து இங்கிலாந்தின் எலியட் வைட்ஹெட் பிடிக்க, பந்து கையை விட்டு நழுவியது. நடுவர் மேட் செச்சின் நாக்-ஆன், அதாவது பந்தைக் கையிலிருந்து முன்னால் நழுவவிட்டார் என்று விசில் ஊதினார். ஆட்டம் முடிந்தது.

பந்து தானாக நழுவியதா, இங்கிலாந்து வீரரின் கை தட்டிவிட்டதா? டோங்கா ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மனுவில் கையெழுத்திட்டார்கள், ஆக்லாந்தில் ஊர்வலம் போனார்கள். அவர்கள் கேட்டது மிகச் சாதாரணமான ஒன்று: ஏன் ஒரு முறை பார்க்கவில்லை?

பதில் விசிலில் இருக்கிறது. விசில் ஊதிய நொடியில் ஆட்டம் செத்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் அது ட்ரை ஆகாது, எனவே பார்த்துச் சொல்லவும் எதுவும் இல்லை. நடுவர் விசிலை இரண்டு நொடி தாமதித்து, ஆட்டத்தை ஓடவிட்டிருந்தால் வீடியோவுக்குப் போக வழி இருந்திருக்கும். வீடியோவும் நாக்-ஆன் என்றே சொல்லியிருக்கலாம். பந்து தளர்ந்தது கையிலிருந்து முன்னோக்கித்தான், அதனால் நடுவர் சொன்னதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் உலகக் கோப்பை அரையிறுதியின் கடைசி நொடியில் விசிலை அடக்கி வைத்திருக்க வேண்டும். டோங்காவின் குறையை இப்படிச் சொன்னால் அதற்குப் பதில் சொல்வது யாருக்கும் கடினம்.

தெளிவாக முன்னால் போன பாஸை ஏன் வீடியோவில் பிடிக்க மாட்டேன் என்கிறார்கள்?

முன்னால் பாஸ் செய்யக் கூடாது என்ற விதி, பந்து கையை விட்டுக் கிளம்பும் திசையைப் பற்றியது. தரையில் பந்து எங்கே போய் விழுந்தது என்பதைப் பற்றியது அல்ல. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடும் வீரர், பந்தை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து அரை நொடி காற்றில் இருக்கிறது. அந்த நேரத்தில் தரையைப் பொறுத்தவரை பந்து 2.5 மீட்டர் முன்னால் நகர்ந்திருக்கும், வீரர் 3.5 மீட்டர் நகர்ந்திருப்பார். பந்து அவருக்குப் பின்னால்தான் இருக்கிறது, பாஸ் சரியானது. ஆனால் தொலைக்காட்சியில், கோடுகளை வைத்துப் பார்த்தால் முன்னால் போனது போலவே தெரியும். கேமரா சாய்வாக இருந்தால் இன்னும் மோசம். இந்தக் காரணத்தால்தான் ஃபார்வர்ட் பாஸை நீண்ட காலமாக வீடியோ நடுவரிடம் விடாமல், களத்தில் இருப்பவர்களிடமும் தொடுகோட்டு நடுவர்களிடமும் விட்டுவைத்தார்கள். பாஸ் செய்தவரின் கை எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். பாதி வாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கள் கேப்டன் ஏன் மறுபரிசீலனை கேட்கவில்லை?

கேட்க முடியாத இடமாக இருந்திருக்கலாம். என்ஆர்எல்லில் 2020-இல் வந்த கேப்டன் சேலஞ்ச், நடுவர் ஆட்டத்தை நிறுத்திய தீர்ப்புகளுக்கு மட்டும்தான். பத்து நொடிக்குள் கேட்க வேண்டும். "ஆடு" என்று விட்டுவிட்ட இடத்தில் கேட்க முடியாது. அப்புறம், கேட்டது தவறாகப் போனால் வாய்ப்பும் போய்விடும். இருபதாவது நிமிடத்தில் ஒரு சின்ன நாக்-ஆனுக்காக அதைச் செலவழித்த அணி, எழுபத்தைந்தாவது நிமிடத்தில் கைகட்டி நிற்கும். அதற்கு நடுவர் பொறுப்பில்லை.

நடுவரின் தவறால்தான் தோற்றோம் என்று எப்போது சொல்லலாம்?

மிக அரிதாக. ஆனால் சொல்லவே கூடாது என்பவர்களோடும் நான் உடன்படவில்லை.

ஏழாவது டேக்கிள் ட்ரையை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரைக்குக் குறைந்தது 4 புள்ளி, தோல்வி 2 புள்ளியில். கணக்கு நேராக இருக்கிறது. அந்த ட்ரை இல்லாமல் மீதி ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும் என்பதும் உண்மை, ஆனால் "எங்களிடமிருந்து பறித்தார்கள்" என்று கவ்பாய்ஸ் ரசிகர் சொன்னால் மறுக்க முடியாது. அதிலும் முந்தைய ஆண்டு, 2012-இல், மேன்லி அணியோடு ஆடிய நாக்-அவுட்டில் அந்த அணியின் கீரன் ஃபோரனின் கையில் பட்டு முன்னால் போனதாகப் பலரும் நினைத்த பந்திலிருந்து வந்த ட்ரை அவர்களுக்கு எதிராகக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த ஆட்டத்தில் தோல்வி 22–12. பத்துப் புள்ளி வித்தியாசம் என்பதால் அதே அளவு உறுதியாக அங்கே சொல்ல முடியாது.

டோங்கா விஷயம் இன்னும் சிக்கல். கடைசி நொடித் தீர்ப்பு மறுபக்கம் போயிருந்தால் வென்றிருப்பார்கள். ஆனால் எழுபது நிமிடத்துக்கு மேல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்பதும் அதே ஆட்டத்தின் பகுதிதான்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவறின் கனத்தைப் புள்ளி வித்தியாசத்தால் அளக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் சவுத் சிட்னி ராபிட்டோஸ், ரூஸ்டர்ஸை 54–12 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ராபிட்டோஸின் லாட்ரெல் மிட்செல் தோளால் முகத்தில் மோதியதில் ரூஸ்டர்ஸின் ஜோசப் மனுவின் கன்ன எலும்பு முறிந்தது. மிட்செலுக்குக் கிடைத்தது பத்து நிமிட சின் பின், அதாவது தற்காலிக வெளியேற்றம் மட்டும். பிறகு அவருக்கு ஆறு ஆட்டத் தடை வந்தது. அவரை முழுமையாக வெளியேற்றியிருந்தாலும் ரூஸ்டர்ஸ் தோற்றிருக்கும். இருந்தாலும் நான் இங்கே பட்டியலிட்ட எல்லாத் தீர்ப்புகளையும் விட அதுதான் பெரிய தவறு, ஏனென்றால் அது ஒருவரின் உடம்பு சம்பந்தப்பட்டது. அன்று நடுவர்களைக் கடுமையாக விமர்சித்த ரூஸ்டர்ஸ் பயிற்சியாளர் டிரென்ட் ராபின்சனுக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

தவறு என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டால் முடிவு மாறுமா?

மாறாது. 2022 ஜூலையில் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஒரு நொடி மிச்சம் இருக்கும்போது 26–25 என்று முன்னால் இருந்தது. கவ்பாய்ஸ் உதைத்த குறுகிய தொடக்க உதையை நோக்கி ஓடும்போது அந்த அணியின் கைல் ஃபெல்ட் விழுந்தார். ஆட்டம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோது கவ்பாய்ஸ் மறுபரிசீலனை கேட்டது. டைகர்ஸ் வீரர் வழிமறித்ததாகப் பங்கர் பெனால்டி கொடுக்க, வேலன்டைன் ஹோம்ஸ் உதைத்து 27–26 ஆக்கினார். அந்தப் பெனால்டி தவறு என்று என்ஆர்எல் அதிகாரி கிரஹாம் ஆனெஸ்லி பிறகு வெளிப்படையாகச் சொன்னார். டைகர்ஸ் சட்ட நடவடிக்கை பற்றிக்கூட யோசித்தது. முடிவு அப்படியே நின்றது.

இதில் பலன் அடைந்தது 2013-இல் பறிகொடுத்த அதே கவ்பாய்ஸ். அதை வைத்துக் கணக்கு நேராகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2013-இல் ஆடியவர்களுக்கு 2022-இல் எதுவும் திரும்பிக் கிடைக்கவில்லை, டைகர்ஸ் வீரர்கள் யாருக்கும் கடன்பட்டிருக்கவும் இல்லை.

பெனால்டி அவர்களுக்கு 9, எங்களுக்கு 3. இது ஓரவஞ்சனைக்கு ஆதாரம் ஆகாதா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பின்னால் தள்ளப்படும் அணிதான் டேக்கிளில் நேரம் கடத்தும், பத்து மீட்டர் போகாமல் நிற்கும். அதனால் அடி வாங்கும் அணிக்கு எதிராகப் பெனால்டி கூடுவது இயல்பு. எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரே வகை மீறலுக்கு இரண்டு அணிக்கும் ஒரே அளவுகோல் இருந்ததா என்று பாருங்கள். 2020-க்குப் பிறகு இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. டேக்கிளில் நடக்கும் பல மீறலுக்குப் பெனால்டிக்குப் பதில் எண்ணிக்கையை மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். அவற்றைச் சேர்க்காமல் பெனால்டியை மட்டும் எண்ணினால் படம் பாதிதான்.

மைதானக் கூட்டம் நடுவரை வளைக்குமா?

ஓரளவு, தெரியாமலேயே. 2002-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைக் காட்டினார்கள், சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தம் இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராகச் சொன்ன ஃபவுல் சுமார் 15 சதவீதம் குறைவு. அது கால்பந்து, ஆனால் காதும் கண்ணும் எந்த ஆட்டத்திலும் ஒன்றுதான். இதை "நடுவர் காசு வாங்கிவிட்டார்" என்ற பேச்சோடு சேர்க்கக் கூடாது. ஆதாரம் இல்லாமல் ஒருவரின் நேர்மையைக் குறை சொல்வது வேறு விஷயம்.

இன்னொரு நடுவரைச் சேர்த்தால் சரியாகிவிடாதா?

செய்து பார்த்துவிட்டார்கள். என்ஆர்எல்லில் 2009 முதல் 2020 வரை களத்தில் இரண்டு நடுவர்கள். ஏழாவது டேக்கிளும் 2019 சைகைக் குழப்பமும் அந்தக் காலத்தில்தான் நடந்தன. கண்கள் கூடுவதை விட, யார் பேசுவது, எப்போது பேசுவது என்ற ஒழுங்குதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2020-இல் எண்ணிக்கை மறுபடி தொடங்கும்போது மணி அடிக்கும் ஏற்பாடு வந்தது. சின்ன மாற்றம்தான், ஆனால் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது.

நடுவரை நேரடியாகத் திட்டி எழுதினால் என்ன? அவர்களும் பொது வாழ்க்கையில்தானே இருக்கிறார்கள்?

தீர்ப்பை எவ்வளவு வேண்டுமானாலும் கிழியுங்கள். ஆளை விட்டுவிடுங்கள். டோங்கா ஆட்டத்துக்குப் பிறகு செச்சினுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஒரு நாக்-ஆனுக்காக. 2019-இல் அவர் என்ஆர்எல்லை விட்டுப் போனார். அந்த மிரட்டல்களை அனுப்பியவர்களால் டோங்கா ரசிகர்களின் நியாயமான கேள்வியும் அழுக்கானது. வீடியோ ஏன் பார்க்கவில்லை என்று கேட்டவரையும் மிரட்டியவரையும் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஒரே கூட்டமாகவே பார்த்தார்கள். ஊர் மைதானங்களில் சிறுவர் ஆட்டத்துக்கு விசில் ஊதும் பதினாறு வயதுப் பிள்ளையும் இதையெல்லாம் படிக்கிறது.

சரி, அடுத்த முறை எப்படி வாதிடுவது?

முதலில் சாதாரண வேகத்தில் பாருங்கள், நடுவர் நின்ற பக்கத்திலிருந்து. மெதுவாக ஓட்டினால் எல்லா டேக்கிளும் குற்றமாகத் தெரியும். களத்தில் முதலில் என்ன சொன்னார்கள் என்று கவனியுங்கள், விசில் எப்போது வந்தது என்பதையும் சேர்த்து. அப்புறம் எந்த வகைத் தவறு என்று ஒரு வரியில் சொல்லுங்கள்: எண்ணிக்கைப் பிழையா, மதிப்பீடா, சைகையா, விதியே கோணலா. வெட்டி ஒட்டிய பத்து நொடிக் காட்சியை நம்பாமல், அதற்கு முந்தைய இரண்டு டேக்கிளையும் சேர்த்துப் பாருங்கள். கடைசியாக, உங்கள் அணிக்குச் சாதகமாகப் போன ஒரு தவறான தீர்ப்பையும் அதே ஆட்டத்திலிருந்து எடுத்து வையுங்கள். எதிரணி ரசிகர் அதற்குப் பிறகுதான் உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்குவார்.